பூட்டு சரியாகத்தான் இருந்தது: சிறுநீர்க் கசிவோடு நான்கு வருடம்

வீட்டுக் கதவில் சாவியைப் போட்டதும் முட்டிக்கொண்டு வரும். பஸ்ஸில் ஒரு மணி நேரம் அடக்கி உட்கார்ந்து வந்தவளுக்கு, பூட்டைத் திறக்கிற அந்த அரை நிமிடம்தான் ஆகாது. எனக்கு மட்டும் இருக்கிற கோளாறு என்று நினைத்திருந்தேன். பிசியோதெரபிஸ்டிடம் சொன்னபோது, "நிறையப் பேர் இந்தச் சாவியைத்தான் சொல்றாங்க" என்றார். பாதி பாரம் அங்கேயே இறங்கியது.

வயது 53, இரண்டு பிரசவம். தும்மினால் கசியும், அவசரமும் சேர்ந்து வரும். கசிவைவிட, "எங்கே நனைந்துவிடுமோ" என்கிற பதற்றம்தான் ஆளைத் தின்றது.

முதலில் செய்த தப்பு தண்ணீரைக் குறைத்தது. கல்யாணத்துக்குப் போகிற நாளில் காலையிலிருந்து ஒரு வாய்கூடக் குடிக்க மாட்டேன். சிறுநீர் அடர் மஞ்சளாகி, எரிச்சலெடுத்து, அவசரம் கூடியதுதான் மிச்சம். மலச்சிக்கல் வேறு, அதுவும் சிறுநீர்ப்பையை அழுத்தும். இப்போது பகலில் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கிறேன், இரவு ஏழு மணிக்கு மேல் குறைத்துக்கொள்கிறேன். மூன்று காபி ஒன்றானது. அந்தக் காலைக் காபியை மட்டும் யார் சொன்னாலும் விடுவதாக இல்லை.

சாவிக்கு வருகிறேன். அவசரம் வந்ததும் ஓடக் கூடாது. நின்ற இடத்திலேயே நின்று, வாயு பிரியாமல் அடக்குவதுபோல் உள்ளே இறுக்கி, உடனே தளர்த்த வேண்டும். வேகமாக ஐந்தாறு தடவை. மூச்சை மெல்ல வெளியே விட்டால் முட்டல் தணியும். அப்புறம் நிதானமாக நடந்து போகலாம். முதல் மாதம் வாசற்படியிலேயே தோற்றேன். ஒருநாள் கண்ணை மூடி நிற்பதைப் பார்த்த எதிர்வீட்டு அக்கா, "என்ன, சாவி மாட்டிக்கிச்சா?" என்றார். "ஆமாக்கா, பூட்டு மக்கர் பண்ணுது" என்று சமாளித்தேன். மறுநாள் அவர் வீட்டுக்காரர் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து நின்றார். நல்ல பூட்டுக்கு இரண்டு சொட்டு எண்ணெய் விட்டுவிட்டுத்தான் போனார்.

தினமும் செய்வது கீகல் பயிற்சி, அதே தசைகளை இறுக்கித் தளர்த்துவதுதான். 1948-ல் ஆர்னால்ட் கீகல் என்ற அமெரிக்க மருத்துவர் எழுதியது. பத்து பத்தாக மூன்று வேளை. இட்லி வேகும் நேரத்தில் ஒரு வேளை முடிந்துவிடும். மூன்று மாதம் கழித்துத்தான் பலன் தெரிந்தது. தும்மலுக்கு முன் இறுக்கிக்கொள்ளப் பழகியதும் கசிவு பாதியானது. முழுக்க நிற்கவில்லை.

ரொம்ப நாள் மாதவிடாய் நாப்கினையே வைத்தேன். அது உதிரத்துக்கானது, சிறுநீர் சட்டென்று வரும்போது ஓரமாக வழிந்துவிடும். கசிவுக்கென்றே வரும் பேட் விலை கூட, ஆனால் வாடை அடங்குகிறது.

பதற்றத்துக்கு உண்மையில் மருந்தானது ஒரு துணிப்பை. இரண்டு பேட், ஒரு உள்ளாடை, ஒரு உள்பாவாடை, ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவர். எடுக்க வேண்டி வந்தது நான்கு வருடத்தில் ஆறு தடவையோ ஏழு தடவையோ. ஆனால் பை தோளில் இல்லாத நாளில் கழிப்பறை எங்கே என்றே கண் தேடும்.

ஒன்று: எரிச்சல், காய்ச்சல், சிறுநீரில் ரத்தம் என்றால் பயிற்சியை நம்பி உட்காராமல் டாக்டரிடம் போய்விடுங்கள்.

அடுத்த மாதம் குடும்பத்தோடு திருச்செந்தூர். ரயில் என்றால் வருகிறேன், பஸ் என்றால் நீங்களே போய்விட்டு வாருங்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டேன். ரயிலில்தான் போட்டிருக்கிறார்கள்.