900 வி.ஏ. சைன் வேவ் இன்வெர்ட்டர், 150 ஏ.ஹெச். டியூபுலர் பேட்டரி: டெல்டா வீட்டுக்கு எப்படி?

மூன்று ஃபேன், நாலு எல்.இ.டி. பல்பு, ஒரு வைஃபை பெட்டி. இவ்வளவுதான் என்றால் இந்த செட் தாராளம். பழைய ஃபேன் ஒவ்வொன்றும் 75 வாட் இழுக்கும், பல்பும் வைஃபையும் சேர்த்து மொத்தம் 270 வாட் வரும். 12 வோல்ட், 150 ஏ.ஹெச். (ஆம்பியர் ஹவர்) பேட்டரியில், இரண்டையும் பெருக்கினால் ஏட்டுக்கணக்குக்கு 1800 வாட் ஹவர். இன்வெர்ட்டரில் வீணாவது போக நாலு மணி நேரம் ஓடும். கடையில் எட்டு மணி நேரம் என்று சொன்னால் நம்ப வேண்டாம். எட்டு மணி நேரம் வேண்டுமென்றால் 30 வாட் மட்டுமே இழுக்கும் பி.எல்.டி.சி. வகை ஃபேன் மாட்டுங்கள். அரை ஹெச்.பி. தண்ணி மோட்டாரை இதில் கொடுக்கவே கூடாது. ஸ்டார்ட் ஆகும்போது பல மடங்கு கரன்ட் இழுத்து ஓவர்லோடு காட்டி நின்றுவிடும்.

நம் பக்கத்தில் கரன்ட் கட்டை விட லோ வோல்டேஜ்தான் இதைப் பாடாய்ப் படுத்தும். பம்பு செட்டெல்லாம் ஒன்றாக ஓடும் நேரத்தில், டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து தள்ளியிருக்கும் வீட்டுக்கு 180 வோல்ட்கூட எட்டாமல் போகும். இன்வெர்ட்டரில் யு.பி.எஸ்., நார்மல் என்று ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். யு.பி.எஸ்.ஸில் இருந்தால், 180-க்குக் கீழே இறங்கியதுமே கரன்ட் போய்விட்டதாக எடுத்துக்கொண்டு பேட்டரிக்கு மாறிவிடும். பக்கத்து வீட்டில் விளக்கு மங்கலாக எரியும், உங்கள் பேட்டரி கரைந்துகொண்டிருக்கும். ராத்திரி நிஜமாகவே கரன்ட் போனால் அரை மணியில் பீப் அடிக்கும். இதைப் பேட்டரி கோளாறு என்று நினைத்துப் புதுசு வாங்கிவிடாதீர்கள். சுவிட்சை நார்மலுக்குத் தள்ளினால் சுமார் 100 வோல்ட் வரை லைனிலேயே நிற்கும். ஆனால் அந்தக் குறைந்த வோல்டேஜ் அப்படியே வீட்டுக்குள் வரும். இது ஸ்டெபிலைசர் இல்லை. டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் யு.பி.எஸ். தேவைப்படும், அதில் லைனிலிருந்து பேட்டரிக்கு மாறும் நேரம் குறைவு.

காலியான பேட்டரி நிரம்ப பத்து, பன்னிரண்டு மணி நேரம் ஆகும். 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பிறகு நாள்கணக்கில் கரன்ட் இல்லாமல் கிடந்த வேதாரண்யம் பக்கத்துக்கு இது மட்டும் போதாது, சோலார் பேனலும் சேர வேண்டும்.

பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான், அதுவும் தண்ணி மட்டம் காட்டும் மிதவையின் பச்சைக் கோடு வரைக்கும். போர் தண்ணி ஊற்றினால் அதிலுள்ள உப்பும் இரும்பும் தகட்டைத் தின்றுவிடும். நாகப்பட்டினம் மாதிரி கடலோரத்தில் டெர்மினலில் பச்சையாகப் பூத்துக்கொண்டே இருக்கும். இன்வெர்ட்டரை அணைத்து, மெயின் பிளக்கையும் பிடுங்கிவிட்டு, ஆப்பச்சோடா கலந்த வெந்நீரில் நனைத்த துணியால் துடையுங்கள். மூடிக்குள் ஒரு சொட்டும் இறங்கக் கூடாது. காய்ந்ததும் நட்டை இறுக்கி வாசலின் தடவுங்கள்.

சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வரும், அதனால் மூடிய அலமாரி வேண்டாம். மழைக்காலத்தில் தண்ணி ஏறும் வீடென்றால் தரையிலும் வேண்டாம், திண்ணை உயரத்துக்கு மேடை கட்டி ஏற்றி வையுங்கள்.