புதிய அச்சு என்சிஇஆர்டி: இரண்டு நீட் பருவங்கள் பயன்படுத்திய பிறகு

"பழைய புத்தகக் கடையில் நீட்டுக்குப் படிக்க 2022-க்கு முந்தைய என்சிஇஆர்டி (மத்தியப் பாடத்திட்டப் பள்ளிப் புத்தகம்) செட் இருக்கிறது. அதை வாங்கலாமா, புதுசுதான் வாங்கணுமா?" போன வாரம் நண்பர் ஒருவர் கேட்டது. வருடாவருடம் வரும் கேள்விதான். "என்சிஇஆர்டி போதும்" என்று எல்லோரும் சொல்கிறார்கள். எந்த அச்சு, எந்தப் பாடத்துக்கு என்று யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் உயிரியல். நீட்டின் 180 கேள்வியில் 90 இதிலிருந்துதான். பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பு உயிரியல் இரண்டும் அருமையான புத்தகங்கள். திரும்பத் திரும்பப் படிக்கும்போது எண்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்பது தெரிய ஆரம்பிக்கும். சிறுநீரகப் பாடத்தில் நிமிடத்துக்கு 125 மில்லி வடிகட்டப்படுகிறது என்று ஒரு வரி, நாளொன்றுக்கு 180 லிட்டர் என்று இன்னொரு வரி. 125-ஐ 60-ஆலும் 24-ஆலும் பெருக்கினால் சரியாக 1,80,000 மில்லி. வெளியேறும் சிறுநீர் சுமார் 1.5 லிட்டர், அதாவது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. "ஏறக்குறைய 99 சதவீதம் மீண்டும் உறிஞ்சப்படுகிறது" என்ற வரிக்குக் கணக்கு அதுதான். மூன்று எண்களைத் தனித்தனியாக மனப்பாடம் செய்கிற பிள்ளை பரபரப்பில் ஒன்றை மறந்துவிடும். கணக்காகப் படித்த பிள்ளை மறந்ததை மறுபடி வரவழைத்துக்கொள்ளும். இதயமும் அப்படியே: துடிப்புக்கு 70 மில்லி, நிமிடத்துக்கு 72 துடிப்பு, மொத்தம் சுமார் 5 லிட்டர்.

நுரையீரல் கொள்ளளவுகளில் தவறு எங்கே நடக்கிறது என்று பார்த்தால் பெரும்பாலும் எஞ்சிய கொள்ளளவில்தான். 1100 முதல் 1200 மில்லி வரையான அந்தக் காற்று வெளியே வருவதே இல்லை, அதனால் மூச்சுக் காற்றை அளக்கும் ஸ்பைரோமீட்டரால் அதை அளக்க முடியாது. அது சேர்ந்திருக்கும் மொத்த நுரையீரல் கொள்திறனையும் அளக்க முடியாது. படத்தின் கீழுள்ள விளக்கம், அட்டவணை, இரண்டையும் கையால் மூடிவிட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும். பத்திகளை மட்டும் வாசித்துவிட்டுப் போனால் பாதி மதிப்பெண் அங்கேயே தங்கிவிடும்.

இனி மனக்குறைக்கு வருகிறேன்.

பாடச்சுமையைக் குறைக்க அத்தியாயங்களை நீக்கி 2023-ல் மறுஅச்சு வந்தது. பதினொன்றாம் வகுப்பு உயிரியல் 22 அத்தியாயத்திலிருந்து 19 ஆனது, பன்னிரண்டு 16-லிருந்து 13 ஆனது. செரிமானம், தாவரங்களில் கடத்தல், கனிம ஊட்டம் எல்லாம் போயின. நீட் பாடத்திட்டத்தையும் தேசிய மருத்துவ ஆணையம் 2024 தேர்விலிருந்து குறைத்தது. இரண்டும் குறைந்ததால் இரண்டும் ஒன்று என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். ஒன்று இல்லை.

வேதியியலைப் பாருங்கள். பதினொன்றாம் வகுப்பில் 14 அத்தியாயம் இருந்தது, இப்போது 9. பன்னிரண்டில் 16 இருந்தது, இப்போது 10. தனிம வரிசை அட்டவணையில் 13 முதல் 18 வரையான தொகுதிகளைச் சேர்ந்த பி-தொகுதி தனிமங்கள் இரண்டு வருடத்திலும் இல்லை. தொகுதி 13, 14 பதினொன்றிலிருந்தும், 15 முதல் 18 வரை பன்னிரண்டிலிருந்தும் போய்விட்டன. ஆனால் நீட் பாடத்திட்டத்தைத் திறந்தால் தொகுதி 13 முதல் 18 வரை கண்ணெதிரே நிற்கிறது: எலக்ட்ரான் அமைப்பு, பண்புகள் மாறும் போக்கு, ஒவ்வொரு தொகுதியிலும் முதல் தனிமத்தின் தனிப்பட்ட நடத்தை. புதிய செட்டை மட்டும் வாங்கி, அட்டையிலிருந்து அட்டை வரை மூன்று முறை படித்த பிள்ளைக்கு இப்படி ஒரு பகுதி இருப்பதே தெரியாது.

புத்தகத்தைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. அது பள்ளி வகுப்புக்காக எழுதப்பட்டது, நீட்டுக்காக இல்லை. கோபமெல்லாம் அதையே நுழைவுத்தேர்வுக்கு முழுமையான புத்தகம் என்று சொல்லி வாங்க வைப்பவர்கள் மேல்தான்.

விடுபட்ட பி-தொகுதிப் பகுதியை ஊகித்து எழுதிவிடலாம் என்றும் நினைக்கக் கூடாது. ஹைட்ரைடுகளின் (ஹைட்ரஜனோடு சேர்ந்த சேர்மங்களின்) கொதிநிலையை எடுத்துக்கொள்ளுங்கள். தொகுதி 16-ல் நீர்தான் உச்சம். தொகுதி 17-ல் ஹைட்ரஜன் புளோரைடு உச்சம். இரண்டுக்கும் காரணம் ஹைட்ரஜன் பிணைப்பு. அதே தர்க்கத்தைத் தொகுதி 15-க்குப் போட்டு அம்மோனியாதான் உச்சம் என்று குறித்தால் தவறு. அங்கே வரிசை பாஸ்பீன், ஆர்சீன், அம்மோனியா, ஸ்டிபைன், பிஸ்மத்தீன் என்று ஏறுகிறது. அம்மோனியாவில் நைட்ரஜனுக்கு ஒரே ஒரு தனித்த எலக்ட்ரான் இணை, ஹைட்ரஜன் பிணைப்பும் நீரில் இருக்கும் அளவு பலமில்லை. கீழே போகப் போகப் பெருத்துவரும் வாண்டர்வால்ஸ் விசை (மூலக்கூறுகளுக்கு இடையிலான ஈர்ப்பு) ஸ்டிபைனில் அதை முந்திவிடுகிறது. ஹாலஜன்களின் பிணைப்பு முறிவு ஆற்றலும் இப்படித்தான் ஏமாற்றும்: குளோரின், புரோமின், புளோரின், அயோடின் என்று இறங்குகிறது. புளோரின் சின்ன அணு, இரண்டு அணுக்களின் தனித்த இணைகளும் நெருங்கி நின்று ஒன்றையொன்று தள்ளுவதால் பிணைப்பு தளர்ந்துவிடுகிறது. தொகுதி 13-ல் அலுமினியத்தைவிட காலியத்தின் ஆரம் சிறியது. இடையில் வந்த டி-எலக்ட்ரான்கள் அணுக்கருவின் ஈர்ப்பைச் சரியாக மறைப்பதில்லை. பாடத்திட்டத்தில் 'போக்கு' என்று ஒரு சொல்தான் இருக்கிறது, அதற்குள் இத்தனை விதிவிலக்கு.

உயிரியலிலும் இதே கதை ஒன்று உண்டு. பழைய அச்சில் பூக்கும் தாவரக் குடும்பங்கள் மூன்று இருந்தன: பேபேசி, சொலனேசி, லில்லியேசி. புதிய அச்சில் மிஞ்சியது சொலனேசி மட்டும். நீட் பாடத்திட்டமோ ஐந்து குடும்பம் கேட்கிறது: மால்வேசி, குருசிஃபெரே, லெகுமினோசே, கம்போசிட்டே, கிராமினே. அந்த ஐந்தில் சொலனேசி இல்லவே இல்லை! இதற்குக் கோச்சிங் மெட்டீரியல் தேடி அலைய வேண்டாம், ஒரு பக்கக் குறிப்பு போதும், குடும்பத்துக்கு ஒரு செடியாக, அதே வரிசையில். செம்பருத்தியில் மகரந்தத்தாள்கள் எல்லாம் ஒரே குழாயாக ஒட்டியிருக்கும். கடுகில் ஆறு, அவற்றில் நான்கு நீளம், இரண்டு குட்டை. அவரையில் ஒன்பது ஒட்டியும் ஒன்று தனித்தும். சூரியகாந்தியில் மகரந்தப்பைகள் ஒட்டியிருக்கும், தாள்கம்பிகள் தனி. நெல்லில் கனியின் உறையும் விதையுறையும் ஒன்றாகிவிட்ட காரியாப்சிஸ். லெகுமினோசேயும் பேபேசியும் ஒன்றுதான், கம்போசிட்டே ஆஸ்டரேசி, கிராமினே போயேசி, குருசிஃபெரே பிராசிகேசி. பழைய பெயர், புதிய பெயர் இரண்டையும் எழுதி வையுங்கள்.

இயற்பியலைப் பற்றிச் சுருக்கமாக. புதிய அச்சில் அளவீட்டுப் பிழைகள் பகுதி வெட்டுப்பட்டிருக்கிறது, பாடத்திட்டத்தில் அது இருக்கிறது. செய்முறைத் திறன் என்று தனி அலகே உண்டு: வெர்னியர், திருகு அளவி, மீட்டர் சமனச்சுற்று, ஜீனர் டையோடு. திருகு அளவியில் சுழலும் தலைக்கோலின் சுழி குறிக்கோட்டுக்குக் கீழே 3 பிரிவு நின்றால் பிழை நேர்க்குறி, மீச்சிற்றளவு (கருவி அளக்கும் மிகச் சிறிய அளவு) 0.01 மில்லிமீட்டர் என்றால் அளவிலிருந்து 0.03-ஐக் கழிக்க வேண்டும். பலர் கூட்டிவிடுகிறார்கள். வேதியியல் செய்முறையிலும் உப்புப் பகுப்பாய்வு வருகிறது. பள்ளி லேப் ரெக்கார்டைப் பத்திரமாக வைத்திருப்பவர்களுக்கு இது இலவச மதிப்பெண்.

வேதியியலில் விழுந்த ஓட்டையை அடைக்கும் புத்தகம் நம் ஊரிலேயே இருக்கிறது. தமிழ்நாடு பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் முதல் தொகுதிப் புத்தகத்தில் இரண்டாம், மூன்றாம் அலகுகள் முழுக்க பி-தொகுதி, தமிழிலும் ஆங்கிலத்திலும் கிடைக்கிறது. இணையத்தில் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். அதில் தயாரிப்பு முறைகள் நிறைய வரும், அவற்றைக் கடைசிக்கு ஒதுக்கிவிட்டு அட்டவணைகளையும் போக்குகளையும் முதலில் முடியுங்கள். தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு இன்னொரு லாபமும் உண்டு. நீட் வினாத்தாளில் தமிழோடு ஆங்கிலமும் அச்சாகிறது, இரண்டும் முரண்பட்டால் ஆங்கிலமே இறுதி. 2018-ல் தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழை என்று வழக்கு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனது. ஆகவே 'மந்த இணை விளைவு' என்று படிக்கும்போதே 'இனர்ட் பேர் எஃபெக்ட்' என்பதையும் பக்கத்தில் எழுதிப் பழக வேண்டும்.

கடைசியாக, வாங்கலாமா? உயிரியலை இவ்வளவு புகழ்ந்த பிறகும் சொல்கிறேன், புதிய செட்டை மொத்தமாக வாங்காதீர்கள். உயிரியல் இரண்டும் மட்டும் புதுசு வாங்குங்கள். வேதியியல் பழைய அச்சு கடையில் கிடைத்தால் பேரம் பேசாமல் எடுத்துக்கொள்ளுங்கள், கிடைக்காவிட்டால் மாநிலப் புத்தகம். வாங்கிய அன்றே நீட் பாடத்திட்டத்தை அச்செடுத்துப் பொருளடக்கத்தின் பக்கத்தில் வைத்து வரிவரியாகப் பென்சிலால் டிக் அடியுங்கள். பழைய அச்சில் திட நிலை, புறப்பரப்பு வேதியியல், பலபடிகள் மூன்றையும் அங்கேயே கோடு போட்டு நீக்கிவிடலாம். பாடத்திட்டத்தில் டிக் விழாமல் நிற்கும் வரிகளைத் தனித்தாளில் எழுதி மேசைக்கு மேலே ஒட்டுங்கள். மொத்த வேலைக்கும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகாது.