ஸ்கோப் திரை இருண்டால்: புது டியூபா, எல்இடி பட்டையா, வேறு பேனலா?

மின்சிக்னலை அலைக்கோடாகத் திரையில் காட்டும் என் டிஜிட்டல் ஆசிலோஸ்கோப்புக்கு (சுருக்கமாக ஸ்கோப்) 20 வயது தாண்டிவிட்டது. கொஞ்ச காலமாக ஆன் செய்ததும் திரை இளஞ்சிவப்பாகத் தொடங்கி, சில நிமிடம் கழித்துத்தான் வெள்ளைக்கு வரும். அப்புறம் ஓரங்கள் மங்கின. கடைசியில் ஒரு நொடி ஒளிர்ந்து அணைந்துவிட்டது. உள்ளே அளவெடுக்கும் பகுதிக்கு ஒன்றும் ஆகவில்லை. வோல்ட் குமிழைத் திருப்பினால் ரிலே சத்தம் கேட்கிறது. டார்ச்சைச் சாய்த்து அடித்தால் டிரேஸ், அதாவது அந்த அலைக்கோடு, நிழல்போலத் தெரிகிறது. அப்படித் தெரிந்தால் படம் காட்டும் எல்சிடி பேனல் உயிரோடு இருக்கிறது, போனது அதற்கு ஒளி தரும் டியூப் விளக்குப் பகுதியான பேக்லைட் மட்டும் என்று பொருள். எதையும் வாங்கும் முன் இந்த டார்ச் சோதனையைச் செய்துவிடுங்கள்.

எனக்கு முன்னால் மூன்று வழிகள் இருந்தன: பேனலையே மாற்றுவது, புது டியூப் போடுவது, டியூபுக்குப் பதில் எல்இடி பட்டை போடுவது. நான் போட்டது எல்இடி பட்டை. இன்னொரு ஸ்கோப் இதே நிலையில் வந்தாலும் அதையேதான் போடுவேன்.

பேனலையே மாற்றுவதைச் சீக்கிரம் ஒதுக்கிவிட்டேன். 640×480 அளவும் கனெக்டரும் பொருந்தினால் மட்டும் போதாது. 3.3 வோல்ட் பேனலில் 5 வோல்ட் கொடுத்தால் அது அங்கேயே முடிந்துவிடும். அதைவிடப் பெரிய சிக்கல், அந்தக் காலத்துப் பேனல்கள் இப்போது பெரும்பாலும் வேறொரு கருவியிலிருந்து கழற்றியவையாகத்தான் கிடைக்கும். அவற்றுக்குள் இருக்கும் டியூபும் நம்முடையதைப் போலவே வயதானது. கண்ணாடி விரிசல் விட்டிருந்தாலோ, திரையில் கோடுகள் நிரந்தரமாக விழுந்திருந்தாலோ மட்டும் இந்த வழிக்குப் போகலாம்.

அதே அளவு டியூப் வாங்கிப் போடுவது நேர்மையான பழுதுபார்ப்பு. நிறம் பழையபடி வரும், வெளிச்சம் சீராகப் பரவும், மூல வடிவமைப்பில் எதையும் தொடவேண்டாம். ஆனால் 2, 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள கண்ணாடிக் குழாய் அது. ஒயரைச் சால்டர் செய்யும்போது கொஞ்சம் வளைந்தாலும் உடையும், உள்ளே பாதரசம் வேறு. டியூபுக்கு மின்சாரம் தரும் இன்வெர்ட்டர் என்ற சிறு பலகை, அதைக் கிளப்பும்போது 1000 வோல்ட்டுக்கு மேல் கொடுக்கும், ஆகையால் ஓடும்போது கை வைக்கவே கூடாது. ஒரு நொடி எரிந்து அணைவதற்கு டியூப் மட்டுமே காரணம் என்றும் சொல்லமுடியாது. டியூபில் ஓடும் மின்னோட்டம் சரியில்லை என்று உணர்ந்தால் இன்வெர்ட்டர் தன்னையே நிறுத்திக்கொள்ளும். இன்வெர்ட்டரே பழுதாகியிருந்தால் புது டியூபும் அதேபோலத்தான் அணையும்.

எல்இடி பட்டையில் இந்த இரண்டு கவலையும் ஒரேயடியாகப் போய்விடுகின்றன. டியூப் இருந்த பள்ளத்தில் பட்டை உட்காரவேண்டும், எனவே நீளத்தோடு அகலத்தையும் அளந்து வாங்குங்கள். வெட்டுக்குறி போட்ட இடத்தில் மட்டுமே வெட்டவேண்டும். பழைய இன்வெர்ட்டருக்கு வந்த 12 வோல்ட், கிரவுண்ட், ஆன்-ஆஃப், வெளிச்சக் கட்டுப்பாடு ஆகிய நான்கும் எல்இடிக்கு மின்னோட்டம் தரும் டிரைவர் பலகைக்கும் தேவை. மல்டிமீட்டரால் ஒவ்வொன்றையும் அளந்து உறுதி செய்தபிறகே இணையுங்கள்.

மடிக்கணினி என்றால் வேலை இத்தோடு முடிந்தது. ஸ்கோப்பில் அப்படியில்லை, இரைச்சல் என்று ஒன்று இருக்கிறது. சில மில்லிவோல்ட்டை அளக்கும் உள்ளீட்டுப் பகுதிக்கு ஒரு சாண் தூரத்தில், மின்சாரத்தை வேகமாக விட்டு விட்டுச் செலுத்தும் ஒரு ஸ்விட்ச்சிங் சர்க்யூட்டை வைக்கிறோம். நான் பட்டையைப் போட்டு, திரை பளிச்சென்று வந்ததும் மகிழ்ந்துபோனேன். அப்புறம் வெளி சிக்னல் எதுவும் கொடுக்காமல் உள்ளீட்டில் டெர்மினேட்டர் என்ற 50 ஓம் ரெசிஸ்டர் மூடியை மாட்டி, 2 மில்லிவோல்ட் அளவில் பார்த்தால், வெறும் கோட்டின் மீது சீரான இடைவெளியில் முட்கள். வெளிச்சத்தை முழுதாக ஏற்றினால் முட்கள் காணாமல் போயின, பாதிக்கு இறக்கினால் திரும்ப வந்தன. வெளிச்சத்தைக் குறைக்க அந்தப் பலகை எல்இடிகளை நொடிக்குச் சில நூறு முறை அணைத்து ஏற்றுகிறது, அதுதான் காரணம்.

நான் செய்தது இது. வெளிச்சக் கட்டுப்பாட்டை முழு அளவில் நிலையாகக் கட்டிவிட்டு, பலகையில் மின்னோட்டத்தை உணரும் ரெசிஸ்டரின் மதிப்பைக் கூட்டி, மின்னோட்டத்தையே குறைத்தேன். எல்இடி இப்போது விட்டு விட்டு எரிவதில்லை, மெதுவாக, தொடர்ச்சியாக எரிகிறது. கூடவே 12 வோல்ட் வழியில் ஒரு காயிலும் கெப்பாசிட்டரும் சேர்த்தேன், ஒயர்களை முறுக்கினேன், இன்வெர்ட்டருக்கு இருந்த தகரக் கவசத்துக்குள்ளேயே புதுப் பலகையையும் வைத்தேன். மெனுவில் வெளிச்சத்தை மாற்றும் வசதி போனது. எனக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

மிச்ச இரைச்சல் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க ஒரு நல்ல வழி உண்டு. டிரைவர் பலகையின் ஸ்விட்ச்சிங் சிக்னலை எக்ஸ்டர்னல் டிரிகர் உள்ளீட்டில் (எப்போது வரையத் தொடங்குவது என்று ஸ்கோப்புக்குச் சொல்லும் உள்ளீடு) கொடுத்து, டெர்மினேட்டர் மாட்டிய சேனலில் பல அலைகளைச் சராசரியாக்கும் ஆவரேஜிங்கைப் போடுங்கள். தொடர்பில்லாத இரைச்சலெல்லாம் சராசரியில் கரைந்துபோகும், பேக்லைட்டிலிருந்து வருவது மட்டும் நிற்கும். அந்த சிக்னலை இரண்டாம் சேனலில் கொடுக்காதீர்கள், அங்கிருந்தே பக்கத்துச் சேனலுக்குக் கசிந்து நம்மைக் குழப்பிவிடும். டியூபின் இன்வெர்ட்டரும் பல பத்து கிலோஹெர்ட்ஸில் ஓடும் ஸ்விட்ச்சிங் சர்க்யூட்தான், அதனால் பழையது சுத்தம் என்று எண்ணவேண்டாம். விளக்கு எரியும் நிலையிலேயே இருந்தால், மாற்றும் முன் ஒருமுறை அளந்து குறித்துவையுங்கள். நான் அதைச் செய்யாமல் விட்டேன், ஒப்பிட எண் இல்லாமல் போனது.

என் பட்டை ஒன்றரை ஆண்டாக எரிகிறது. பத்து ஆண்டு ஓடினால் நிறம் மாறுமா என்று என் அனுபவத்தை வைத்துச் சொல்லமுடியாது. மேலும் கீழும் இரண்டு டியூப் உள்ள பேனலில் நான் இதைச் செய்து பார்த்ததில்லை. அங்கே இரண்டு பட்டைகளின் வெளிச்சமும் சமமாக வரவேண்டுமே என்ற கவலை இருக்கும்.

உங்களுடையது படக்குழாய் வைத்த இன்னும் பழைய ஸ்கோப் என்றால் கணக்கே வேறு. முதலில் பின்பக்கம் விஜிஏ வெளியீடு இருக்கிறதா பாருங்கள். இருந்தால் ஒரு மானிட்டரை மாட்டி இன்றே வேலையைத் தொடரலாம், பல ஆயிரம் வோல்ட் தேங்கி நிற்கும் அந்தக் குழாய்ப் பக்கம் அவசரமாகக் கை வைக்கவும் வேண்டியிருக்காது.