கிளினிக்கில் 168, வீட்டில் 128: குளிசை போடுவதா, வேண்டாமா?

ஹட்டன் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன், வயது 47. மேல்கையில் கட்டும் பிரஷர் மெஷின் வாங்கி இரண்டரை வருஷமாகிறது. எப்படி இருக்கிறது என்று எழுதச் சொல்லிச் சிலர் கேட்டார்கள். மெஷினை மட்டும் எழுதினால் பாதிதான் சொன்னதாகும். குளிசை போடுவதா வேண்டாமா என்று நான் தவித்ததையும் சேர்த்தே சொல்கிறேன்.

பல் பிடுங்கப் போன இடத்தில் பிரஷர் பார்த்தார்கள். 168/102. பல்லைத் தொடாமலே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அடுத்த கிழமை கிளினிக்கில் 160/98. பட்டியைக் கையில் சுற்றும்போதே எனக்கு நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வேர்த்துவிடும். காரணம் தெரியும். அப்பா தேயிலை பெக்டரியில் வேலை செய்தவர். "இப்ப நல்லாத்தானே இருக்கேன்" என்று பிரஷர் குளிசையைத் தானாகவே நிறுத்தினார். ஒரு விடியற்காலை வாய் ஒரு பக்கம் கோணிக் கீழே விழுந்தவர், அதன்பிறகு ஆறு வருஷம் படுக்கையிலேயே கிடந்தார். அந்த மெஷின் காற்றடிக்கும் சத்தம் கேட்டாலே அவர் முகம்தான் எனக்கு வரும்.

டொக்டர் அன்றைக்கே குளிசை எழுதவில்லை. "டீச்சர், பயத்தில் ஏறுகிற பிரஷரும் இருக்கு, உண்மையாவே ஏறின பிரஷரும் இருக்கு. இங்க உட்கார வச்சு அதைப் பிரிச்சுப் பார்க்க ஏலாது. வீட்டில பார்த்துக் கொப்பியில எழுதிட்டு வாங்க" என்றார். ஈசிஜி, சிறுநீரில் புரதம், இரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது) மூன்றையும் பார்க்கச் சொன்னார். பிரஷர் ஏற்கெனவே இதயத்தையோ சிறுநீரகத்தையோ தொட்டிருந்தால் காத்திருக்க முடியாதாம். மூன்றும் சரியாக இருந்தன.

கண்டியில் ஓம்ரோன் கம்பெனி மெஷின் ஒன்று வாங்கினேன். மணிக்கட்டில் கட்டுகிற வகை வேண்டாம் என்று கிளினிக் மிஸ்ஸி (நர்ஸ்) முன்பே சொல்லியிருந்தார். ஆனால் பட்டியின் அளவை நான் பார்க்கவில்லை. பெட்டியோடு வந்தது 22 முதல் 32 செ.மீ. வரையான கைக்கு உரியது, என் மேல்கையோ 35 செ.மீ. பட்டி சின்னதாக இருந்தால் எண் கூடித்தான் காட்டும். மூன்று கிழமையாக 145க்குக் கீழே இறங்கவே இல்லை, நானும் அழுதுகொண்டே எழுதினேன். மெஷினைக் கிளினிக்குக் கொண்டுபோன அன்றுதான் மிஸ்ஸி பட்டியைப் பார்த்துவிட்டுச் சொன்னார். பெரிய பட்டியைத் தனியாக வாங்கிக் கட்டிய அன்றே வித்தியாசம் தெரிந்தது. கடைக்குப் போவதற்கு முன் தையல் டேப்பால் கையை அளந்துவிட்டுப் போங்கள்.

எங்கள் ஊர்க் குளிரையும் சொல்ல வேண்டும். குளிரில் இரத்தக் குழாய் சுருங்கும், பிரஷர் ஏறும். 10 பாகைக்குக் கீழே போனால் மெஷினைப் பயன்படுத்த வேண்டாம் என்று அதன் கையேட்டிலேயே இருக்கிறது. தை மாதக் காலையில் எங்கள் முன் அறை அப்படித்தான் இருக்கும். அதனால் அடுப்பு மூட்டிய பிறகு குசினியில் உட்கார்ந்து பார்க்கிறேன். பிளேன்டீ அதற்குப் பிறகுதான், குடித்திருந்தால் அரை மணி நேரம் பொறுக்க வேண்டும். சிறுநீர் கழித்துவிட்டு வந்து, முதுகைச் சாய்த்து, கால் இரண்டையும் தரையில் ஊன்றி, ஐந்து நிமிடம் பேசாமல் இருப்பேன். கை மேசைமேல், இதயத்தின் உயரத்தில். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை, காலையும் மாலையும், 7 நாள். முதல் நாளை விட்டுவிட்டு மற்ற நாட்களின் சராசரியை எடுக்க வேண்டும். கிளினிக்கில் 140/90 என்றால் கூடுதல் என்பார்கள். வீட்டுச் சராசரிக்கு அந்தக் கோடு 135/85. எனக்கு வந்தது 128/80.

இந்த மெஷினால் எனக்கு வந்த பெரிய கெடுதலையும் மறைக்காமல் சொல்கிறேன். ஒரு காலத்தில் நாளைக்குப் பதினைந்து தடவை பார்த்தேன். இரவு ஒரு மணிக்கு எழுந்து பார்ப்பேன். ஒரு எண் கூடினால் பயம், அந்தப் பயத்தில் அடுத்த எண் இன்னும் கூடும். கடைசியில் என் வீட்டுக்காரர் மெஷினை எடுத்து அலுமாரிக்குள் பூட்டினார். மாதத்தில் ஒரு கிழமை மட்டும் வெளியே எடுப்பது என்று அன்றைக்குப் போட்ட சட்டம் இன்றைக்கும் நடக்கிறது. பதட்டக்காரர்கள் மெஷின் வாங்கும் அன்றே இப்படி ஒரு சட்டம் போட்டுக்கொள்வது நல்லது.

வீட்டு எண்ணை மட்டும் நம்பாமல் டொக்டர் 24 மணிநேர மெஷினும் கட்டச் சொன்னார். பகலில் அரை மணிக்கு ஒரு தடவை, இரவிலும் விடாமல் கையை இறுக்கும், நல்ல தூக்கம் வராது. முழு நாள் சராசரி 126/77 என்று வந்தது. அதில் 130/80தான் கோடு. குளிசை இப்போதைக்கு வேண்டாம் என்று முடிவானது.

வீட்டுக்கு வந்து நிம்மதியாகத் தூங்கினேன். ஆனால் டொக்டர் சொன்ன இன்னொன்றை நான் அன்றைக்குக் காதில் வாங்கவில்லை. கிளினிக்கில் மட்டும் ஏறுகிறவர்களுக்குப் பிறகு உண்மையாகவே பிரஷர் வந்துவிடலாம், வருஷா வருஷம் பார்க்க வேண்டும் என்றார். கருவாட்டையும் மாசிச் சம்பலையும் குறைத்தேன். அப்பாவைப் பற்றி ஒரு நாள் வாய்விட்டுச் சொன்னபோது ஆஸ்பத்திரியிலேயே உளவளத்துணைக்கு அனுப்பினார்கள். போக வெட்கமாக இருந்தது, ஆனால் போனேன். நாலைந்து தடவை பேசிய பிறகு பட்டி இறுகும்போது மூச்சை மெதுவாக விடப் பழகினேன். பக்கத்து வீட்டு அக்கா தன் தூக்கக் குளிசையில் பாதி தருகிறேன் என்றார். அன்பாகத்தான் சொன்னார், ஆனால் வாங்கவில்லை. இன்னொருவருக்கு எழுதிய குளிசையை யாரும் தொடாதீர்கள்.

ஒன்றரை வருஷம் கழித்து வீட்டு எண்ணே மெல்ல ஏறியது. ஒரு மாதம் 136/86, அடுத்த மாதம் 138/88. அதே குசினி, அதே கதிரை, அதே பெரிய பட்டி. மனதிலும் அப்போது பெரிய பயமில்லை. இனிப் பயத்தின் மேல் பழி போட முடியாது என்று எனக்கே விளங்கியது. மெஷினை வாங்கும்போது, குளிசை வேண்டாம் என்று அது சொல்ல வேண்டும் என்றுதான் ஆசைப்பட்டேன். வேண்டும் என்று சொன்னபோதும் அதைத்தானே நம்ப வேண்டும்?

அம்லோடிபின் 5 மி.கி. தொடங்கினோம். எண் இறங்கியது, ஆனால் பின்னேரமானால் கணுக்கால் வீங்கி, செருப்பு இறுகியது. அந்தக் குளிசைக்கு அப்படி வருவதுண்டு. நானாக நிறுத்தாமல் போய்ச் சொன்னேன், லொசார்டன் 50 மி.கி.க்கு மாற்றினார்கள். சில கிழமை கழித்து கிரியேட்டினினும் பொட்டாசியமும் பார்த்தார்கள், பிரச்சினை இல்லை. "ஒருக்கா போட்டா விடவே முடியாது" என்று ஊரில் எல்லாரும் சொல்வதை நானும் நம்பிப் பயந்திருக்கிறேன். அதற்கு அடிமையாகிவிடுவோம் என்று அர்த்தமில்லை. நிறுத்தினால் பிரஷர் பழைய இடத்துக்கே திரும்பிப் போகும், அவ்வளவுதான். அப்பாவுக்கு இதை யாராவது உட்கார வைத்துச் சொல்லியிருக்கலாம்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். 180/120க்கு மேல் காட்டி, நெஞ்சு வலியோ மூச்சு முட்டலோ இருந்தால் பதட்டம்தான் என்று வீட்டில் இருக்க வேண்டாம். வாய் கோணினாலோ, பேச்சுக் குழறினாலோ, கைகால் ஒரு பக்கம் சோர்ந்தாலோ எண்ணைக்கூடப் பார்க்காதீர்கள். இலங்கையில் 1990க்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும், காசில்லை.

இப்போது வீட்டுச் சராசரி 124/78. போன மாதம் கிளினிக்கில் பட்டியைச் சுற்றினார்கள், 152/94. டொக்டர் என் கொப்பியை வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்த்தார். பிறகு அதே குளிசையை, அதே அளவில், எழுதிக் கொடுத்தார்.