சிலிண்டரை போர் (கடைந்து அகலப்படுத்துதல்) செய்யாமலேயே செய்ததாக வாங்கிய பணம்: பழைய ஏடிசி 200 வைத்திருப்போர் கவனத்திற்கு

பல ஆண்டுகள் தார்ப்பாய்க்குக் கீழே கேட்பாரற்றுக் கிடந்த ஒரு ஹோண்டா ஏடிசி 200 வண்டியை, அதாவது கரடுமுரடான நிலத்தில் ஓட்டுவதற்கென்றே பருத்த பலூன் டயர்களோடு செய்யப்பட்ட மூன்று சக்கர வண்டியை, கையிலிருந்த சிறு தொகையில் மீட்டெடுக்க முயன்றபோது, எஞ்சின் வேலையில் நான் ஏமாற்றப்பட்ட விவரத்தை இங்கே எழுதுகிறேன். இதே வகை வண்டியைப் பிரித்துப் போட்டிருப்பவர்கள், எஞ்சினைப் பட்டறையில் ஒப்படைப்பதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டும் என்று விரும்புகிறேன்.

வண்டி என்னிடம் வந்தபோது எஞ்சின் இறுகிப்போயிருந்தது. பிளக் துளை வழியாக எண்ணெய் ஊற்றி ஒரு வாரம் ஊறவிட்ட பிறகே பிஸ்டன் அசைந்தது. பெயின்ட், சீட், வயரிங் ஆகியவற்றை நானே செய்துகொள்வது, சிலிண்டர் வேலையை மட்டும் வெளியே கொடுப்பது, மீதியில் டயரும் பிரேக்கும் வாங்குவது என்று கணக்குப் போட்டிருந்தேன். சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டையும் சிலிண்டரையும் கழற்றியபோது, பிஸ்டனின் பக்கவாட்டில் மேலிருந்து கீழாக ஆழமான இரண்டு கீறல்கள் தெரிந்தன. எதையும் பிரிக்கும்போது படம் எடுத்துவைக்கும் வழக்கத்தால் அதையும் எடுத்துவைத்தேன். பின்னால் எனக்குக் கைகொடுத்தது அந்த ஒரு படம்தான்.

பட்டறைக்காரர் சிலிண்டரைப் பார்த்துவிட்டு, அரை மில்லிமீட்டர் கூடுதலாக போர் செய்து, அதாவது உட்சுவரைக் கடைந்து அகலப்படுத்தி, அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டன், அதாவது அசலைவிடச் சற்றுப் பெரிய பிஸ்டன், போட வேண்டும் என்றார். அது நியாயமான முடிவுதான். ஆனால், இந்த வண்டிகளின் தயாரிப்பு எப்போதோ நின்றுவிட்டதால் பிஸ்டன் கிடைப்பது அரிது என்று சொல்லி, முழுத் தொகையையும் முன்பணமாகக் கேட்டார். 1988-இல் அமெரிக்காவில் தயாரிப்பாளர்களுக்கும் அந்நாட்டு நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்துக்கும் இடையே நீதிமன்றத்தில் ஏற்பட்ட உடன்பாட்டோடு புதிய மூன்று சக்கர வண்டிகளின் விற்பனை அங்கே நின்றது உண்மை. அந்த உண்மையைக் காட்டி அவர் சொன்ன மற்றொன்றுதான் பொய். ஏடிசி 200 எஞ்சினுக்கான ஓவர்சைஸ் பிஸ்டன் செட்டுகளை வேறு நிறுவனங்கள் இன்றும் செய்கின்றன என்பதை நான் முன்பே விசாரித்து அறிந்திருக்க வேண்டும். விசாரிக்காமல் பணத்தைக் கொடுத்துவிட்டேன். பிரேக்குக்காக ஒதுக்கியிருந்ததும் அதில் சேர்ந்து போயிற்று.

எஞ்சின் திரும்பி வந்ததும் முதல் இழுப்பிலேயே ஸ்டார்ட் ஆனது. மூன்றாவது ஓட்டத்தில் சைலன்சரிலிருந்து நீலப் புகை வரத் தொடங்கியது. ஸ்டார்ட்டர் கயிறும், கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம்) இல்லாத எஞ்சினில் வருவதுபோல் இலகுவாக வந்தது. மனம் கேட்காமல் ஹெட்டை மறுபடியும் கழற்றினேன். ஓவர்சைஸ் பிஸ்டன்களின் தலையில் வழக்கமாக 0.50 போன்ற எண் பொறிக்கப்பட்டிருக்கும். இதில் எந்த எண்ணும் இல்லை. கரி சுரண்டப்பட்டுப் பளபளவென்று இருந்த அந்தப் பிஸ்டனை வெளியே எடுத்துத் திருப்பியபோது, படத்தில் இருந்த அதே இரண்டு கீறல்கள் அதே இடத்தில் இருந்தன. இந்த எஞ்சினின் அசல் போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம், 65 மில்லிமீட்டர். சொன்னபடி வேலை செய்திருந்தால் 65.50 இருந்திருக்க வேண்டும். உள்விட்ட அளவி காட்டியதோ 65.1 மட்டுமே, அதுவும் மேலே அகன்று கீழே குறுகியிருந்தது. தேய்ந்த சிலிண்டரின் உட்சுவரை மேலோட்டமாக உரசிவிட்டுப் பழைய பிஸ்டனில் அதைச் சுற்றி இருக்கும் வளையமான ரிங்கை மட்டும் புதிதாக மாட்டியிருக்கிறார்கள். அப்படிப்பட்ட சிலிண்டரில் ரிங் சரியாக உட்காராது, எண்ணெய் மேலேறி எரியத்தான் செய்யும்.

கேட்கப் போனபோது, ரிங் செட் ஆகச் சில நாள் பிடிக்கும் என்றார். பிறகு நான் ஊற்றிய ஆயில் சரியில்லை என்றார். படத்தைக் காட்டியதும், பையன் பொருளை மாற்றி மாட்டிவிட்டான் என்று சொல்லி, போர் செய்வதற்கான கூலியில் பாதியை மட்டும் திருப்பிக் கொடுத்தார்.

கார்புரேட்டர் விஷயத்தில் எனக்கு அதுவும் கிடைக்கவில்லை. நான் கொடுத்தது கெய்ஹின் என்ற ஜப்பானிய நிறுவனத்தின் பெயர் வார்க்கப்பட்டிருந்த அசல் கார்புரேட்டர். சுத்தம் செய்து தருவதாகச் சொல்லி வாங்கிவைத்தார்கள். திரும்பி வந்தது பெயர் எதுவும் இல்லாத போலி, நின்றிருக்கும்போதே பெட்ரோலை வழியவிடுகிறது. அதைப் படம் எடுக்காததால், நீங்கள் கொடுத்தது இதுதான் என்று அவர் ஒரேயடியாகச் சாதித்துவிட்டார். ஆகவே பிஸ்டனை மட்டுமல்லாமல், கார்புரேட்டர், சிடிஐ பெட்டி (பிளக்கில் தீப்பொறி எழச் செய்யும் மின்னணுப் பெட்டி), மேக்னெட் காயில் என்று கழற்றக்கூடிய ஒவ்வொன்றையும் எண்களும் பெயரும் தெரியும்படி படம் எடுத்து, வெளியே தெரியாத இடத்தில் ஓர் அடையாளக் கீறலும் போட்டு வையுங்கள். கழற்றிய பழைய பிஸ்டனைத் திருப்பித் தர வேண்டும் என்று முதலிலேயே எழுதி வாங்குங்கள்.

டயர்களிலும் இருசக்கர வண்டிக்குரிய காற்றை அடித்து அனுப்பியிருந்தார்கள். பின்புற சஸ்பென்ஷனே இல்லாத இவ்வண்டியில் அந்தப் பணியைச் செய்வது டயர்தான். அதற்குரிய காற்றழுத்தம் ஏறத்தாழ 2.2 பிஎஸ்ஐ. கூடுதல் காற்றோடு திருப்பத்தில் அது துள்ளியதில் கவிழப் பார்த்தேன்.

இப்போது வேறொரு லேத்தில், பிஸ்டன் செட்டை நானே வாங்கிக் கொடுத்து, அந்தப் பிஸ்டனை அளந்த பிறகே சிலிண்டரை போர் செய்ய வைத்தேன். அளவுகளை என் கண்முன்னே எடுத்தார்கள். எஞ்சின் புகையின்றி ஓடுகிறது. பிரேக் ஷூ வாங்கும்வரை வண்டியைச் சமதளத்தை விட்டு வெளியே எடுப்பதில்லை.