பெரிய சைஸ் தினசரி காலண்டர்: ஒரு பழைய கண்டக்டரின் மதிப்பெண்

காலண்டரைக் காசு கொடுத்து வாங்கலாமா என்று எங்கள் வீட்டில் ஒரு பஞ்சாயத்தே நடந்தது. மளிகைக் கடைக்காரர் ஒன்று தருவார், நகைக்கடையில் ஒன்று தருவார்கள், கேபிள்காரத் தம்பி ஒன்று கொண்டுவந்து மாட்டியே விட்டுப் போவார். இருந்தாலும் இந்த வருஷம் மதுரை டவுன்ஹால் ரோட்டில் 160 ரூபாய் கொடுத்துப் பெரிய சைஸ் ஒன்று வாங்கினேன். ஓசிக் காலண்டரில் தாள் ஒல்லி, எழுத்து பொடி, அட்டையில் பாதி இடத்தைக் கடையின் செல் நம்பரே பிடித்துக்கொள்ளும். எது சாமி, எது விளம்பரம் என்று தெரியாமல் கும்பிட வேண்டியிருக்கும்.

முதலில், தாள் எப்படிக் கிழிபடுகிறது? இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. பாண்டியன் போக்குவரத்துக் கழகம் என்று பெயர் இருந்த காலத்தில் வேலைக்குச் சேர்ந்து, மெஷின் கைக்கு வரும்வரை டிக்கெட் கிழித்தவன் நான். முகூர்த்த நாள் கூட்டத்தில் கம்பியில் முதுகை முட்டுக்கொடுத்து நின்றபடி, ஈர விரலால் ஒரே ஒரு டிக்கெட்டை மட்டும் பிரித்தெடுக்க வேண்டும். இரண்டாக வந்துவிட்டால் நம் கைக்காசு போச்சு. அந்த விரல் சொல்கிறது: இது நல்ல தாள். ஒன்றோடொன்று ஒட்டுவதில்லை. மேலே உள்ள தகரப் பட்டையை ஒட்டிச் சுத்தமாக அறுந்து வருகிறது. பாதி கிழிந்து பாதி தாடி மாதிரித் தொங்குகிற வேலை இல்லை.

படம் பழனி முருகன், ராஜ அலங்காரம். கோவில்பட்டி கொண்டையராஜுவின் காலண்டர் சாமிகளைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு இப்போது கம்ப்யூட்டரில் செய்கிற முகங்கள் கொஞ்சம் வழுவழுப்புதான். ஆனாலும் இதில் முருகன் நம்மைப் பார்க்கிறார். கிரீடத்திலும் வேலிலும் தங்க ஃபாயில் ஒட்டியிருக்கிறார்கள், உரியவில்லை. இதே சைஸில் மாதாவும் இருந்தார், மெக்கா மதினாவும் இருந்தது. பிள்ளையார், வேளாங்கண்ணி மாதா, மெக்கா மூன்றும் ஒரே அட்டையில் வருமே, அதைக் கேட்டேன், தீர்ந்துவிட்டதாம். எங்கள் டெப்போவில் அதுதான் தொங்கும்.

சிவகாசித் தடத்தில் ஓடியபோது இந்தத் தொழிலைக் கொஞ்சம் பக்கத்தில் பார்த்திருக்கிறேன். ஆடிப்பெருக்கு அன்று புது வருஷத்து ஆல்பம் வெளியிடுவார்கள். ஆர்டர் பிடிக்கிற ஏஜெண்டுகள் அதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகக் கிளம்பிவிடுவார்கள். டிசம்பரில் திருத்தங்கல் தாண்டுவதற்குள் பஸ்ஸில் கால் வைக்க இடம் இருக்காது, எல்லாம் காலண்டர் பண்டல். லக்கேஜ் டிக்கெட் போட்டுப் போட்டு விரல் தேயும்.

விவரங்கள் எல்லாம் இருக்கின்றன: திதி, நட்சத்திரம், நல்ல நேரம், கௌரி, குளிகை, எமகண்டம், சூலம், பரிகாரத்துக்குத் தயிரா வெல்லமா என்பது உட்பட. தேதி எழுத்து, கட்டிலில் படுத்தபடியே கண்ணாடி இல்லாமல் தெரிகிறது. ராகு காலம் மட்டும் பொடி எழுத்து. எனக்கு அதனால் நஷ்டமில்லை. 'திருநாள் சந்தடியில் வெளியில் புறப்பட்டு விளையாடச் செல்வது ஞாயமா' என்று பள்ளிக்கூடத்திலேயே மனப்பாடம். ஒவ்வொரு வார்த்தையின் முதல் எழுத்தும் ஒரு கிழமை. திங்கள் ஏழரையில் ஆரம்பித்து, சனி, வெள்ளி, புதன், வியாழன், செவ்வாய் என்று ஒன்றரை மணி ஒன்றரை மணியாக ஏறி, ஞாயிறு நாலரையில் நிற்கும். இதுவும் சூரியன் ஆறு மணிக்கு உதிப்பதாக வைத்துப் போட்ட கணக்கு. தை மாதம் மதுரையில் ஆறரைக்கு மேல்தான் உதிக்கிறது. அதையெல்லாம் பார்த்தால் வண்டியே எடுக்க முடியாது.

ராசிபலன் ராசிக்கு ஒரு வார்த்தை. வரவு, செலவு, பகை, ஆக்கம். போன வருஷம் ஆனி மாதம் எனக்கு நெஞ்சு அடைத்து ஆம்புலன்ஸில் ஏற்றிய அன்று என் ராசிக்குப் போட்டிருந்தது: சுகம். (அது வேறு கம்பெனிக் காலண்டர், பெயர் வேண்டாம்.) ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு வந்தபோதும் காலண்டர் அந்தத் தேதியிலேயே நின்றது. அதைக் கிழிப்பது என் வேலை என்று வீட்டம்மா யாரையும் தொட விடவில்லை. "நீங்களே வந்து கிழிங்கன்னு விட்டுட்டேங்க" என்றாள். நின்றபடி ஒவ்வொன்றாகக் கிழித்தேன். அமாவாசை இல்லை, முகூர்த்தம் இல்லை, அரசு விடுமுறை இல்லை. எல்லாத் தாளிலும் கீழ்ப்பகுதி வெறும் வெள்ளை. அப்படி ஒரு வெள்ளைத் தாள் அன்றுதான் என்னை வார்டுக்கு மாற்றினார்கள். இன்னொன்றில் நான் இட்லி கேட்டுச் சாப்பிட்டேன். பக்கத்துக் கட்டில்காரரை ஸ்கேனுக்கு என்று தள்ளிக்கொண்டு போனார்கள், கட்டில் மட்டும் திரும்பி வந்தது.

அதிலிருந்து காலையில் குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு தாளைக் கிழிக்கும்போது கண் கீழேதான் போகிறது. ஒன்றும் போடவில்லை என்றால் எனக்கு அன்று கொண்டாட்டம். பேத்தியை வேனில் ஏற்ற வேண்டும், குழாயில் தண்ணீர் வந்தால் மோட்டார் போட வேண்டும், மாத்திரை, அரை டம்ளர் காபி, ஒரு தூக்கம். "முருகா, இது போதும்ப்பா, நல்லா வெச்சிருக்க" என்று வாய்விட்டே சொல்கிறேன். வேலை நிரந்தரமாகணும், பையனுக்கு சீட் கிடைக்கணும் என்று பழனிக்கு நடந்தே போனவன் நான். மலையேறி நின்று கேட்ட வரங்கள் நிறைய. சும்மா ஒரு செவ்வாய்க்கிழமையைக் கொடுத்ததற்காக ஒருநாள்கூட அவனுக்கு நன்றி சொன்ன ஞாபகம் இல்லை.

இந்தக் காலண்டரின் பெரிய குறையும் இங்கேதான். வெறும் நாள் ஒன்றைக்கூட வெறுமனே விட மனசில்லை இவர்களுக்கு. எதுவும் கிடைக்காத தேதியில் உலக இந்த தினம், சர்வதேச அந்த தினம். அதுவும் அகப்படாவிட்டால் ஒரு பொன்மொழி. அந்த இடத்தில் நாங்கள் பால் கணக்கு எழுதுவோம், சிலிண்டர் மாற்றிய தேதி குறிப்போம். இப்போது பொன்மொழிக்கு மேலேயே 'தயிர் பாக்கெட் 2' என்று எழுதுகிறாள் வீட்டம்மா.

கிழித்த தாளுக்கும் உபயோகம் உண்டு. பின்பக்கம் சமையல் குறிப்பும் கை வைத்தியமும் அச்சடித்திருந்தாலும், திருப்பரங்குன்றத்துத் திருநீறு மடிக்க வாகான தாள், பொடி சிந்தவில்லை. ஓசிக் காலண்டர் தாளில் மடித்தால் சட்டைப்பை வெள்ளையாகிவிடும்.

ஐந்துக்கு நாலு கொடுக்கிறேன். ஒரு மதிப்பெண் பொன்மொழிகளுக்காகக் குறைத்தது. வாங்குகிறவர்கள் கடையிலேயே பின்னால் இருக்கும் வளையத்தை இழுத்துப் பாருங்கள், இந்தக் கனத்துக்குச் சின்ன ஆணி தாங்காது. பொங்கல் தாண்டினால் பாதி விலைக்குக் கிடைக்கும். ஆனால் அதற்குள் போன தேதிகளை மொத்தமாக ஒரே இழுப்பில் கிழித்துப் போட வேண்டியிருக்கும், எனக்கு அதில் சம்மதமில்லை. டிசம்பரிலேயே முழு விலை கொடுத்து வாங்கிவிடுவேன்.