4060-ஆ, பி580-ஆ? பிராசஸரைச் சொல்லுங்கள், பதில் சொல்கிறேன்

2024 டிசம்பரில் இன்டெல்லின் ஆர்க் பி580 கிராபிக்ஸ் கார்டு (கேமின் படங்களை வரைந்து தரும் அட்டை) வந்தபோது விமர்சகர்கள் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். காரணமில்லாமல் இல்லை. 2023 ஜூனில் 299 டாலருக்கு வந்த என்விடியா ஆர்டிஎக்ஸ் 4060-இல் இருப்பது 8 ஜிபி மெமரி, 128 பிட் பஸ் (மெமரிக்குத் தரவு போய்வரும் பாதையின் அகலம்). இன்டெல் 249 டாலருக்கே 12 ஜிபியும் 192 பிட் பஸ்ஸும் கொடுத்தது. மெமரி வேகத்தில் 4060-இன் நொடிக்கு 272 ஜிபி எங்கே, பி580-இன் 456 ஜிபி எங்கே! 1440பி (2560x1440 புள்ளி) ரெசல்யூஷனில் பி580 4060-ஐச் சராசரியாக 10 சதவீதம் முந்தும் என்றது இன்டெல். வெளியார் சோதனைகளும் கிட்டத்தட்ட அதையே காட்டின.

அந்தச் சோதனைகள் நடந்த மெஷின்களைப் பாருங்கள். பெரும்பாலும் ஏஎம்டியின் ரைசன் 7 9800எக்ஸ்3டி மாதிரி உச்சாணிக் கொம்பு பிராசஸர்கள். சோதனைக்கு அதுதான் சரியான முறை. பிராசஸர் தடுக்காமல் இருந்தால்தான் கார்டின் முழு பலம் தெரியும். ஆனால் அந்த பிராசஸர் வந்தபோது அதன் விலை 479 டாலர். 249 டாலர் கார்டு தேடுகிறவர் அதையா வைத்திருப்பார்?

2025 ஜனவரியில் குட்டு வெளிப்பட்டது. ரைசன் 5 2600 போன்ற பழைய பிராசஸர்களில் போட்டுப் பார்த்தால், பல கேம்களில் பி580 சரிந்து 4060-க்குப் பின்னால் போனது. ரைசன் 5 5600-இல்கூட சில கேம்களில் தடுமாற்றம். ஒவ்வொரு பிரேமுக்கும் (திரையில் வரும் ஒரு படத்துக்கும்) இன்டெல் டிரைவர், அதாவது கார்டை இயக்கும் மென்பொருள், பிராசஸரிடம் வாங்கும் வேலை அதிகம். பிராசஸர் திணறினால் கார்டு சும்மா காத்திருக்கும். பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை செட்டிங்ஸில்) ரீசைசபிள் பார், அதாவது கார்டின் மெமரி முழுவதையும் பிராசஸர் ஒரே நேரத்தில் அணுகவிடும் வசதி, இல்லாத போர்டு என்றால் ஆர்க் பக்கமே போகாதீர்கள், அடி இன்னும் பலமாக விழும்.

அதற்காக 4060 உத்தமன் என்று சொல்ல வரவில்லை. 8 ஜிபி நிரம்பினால் மிச்ச டெக்ஸ்சர்கள் (பொருள்களின் மேற்பரப்புப் படங்கள்) மதர்போர்டின் ரேமுக்குப் போய்வர வேண்டும். பிசிஐஇ எனப்படும் அந்தப் பாதையில் 4060-க்கு 8 லேன்தான் (தடம்). பிசிஐஇ 4 போர்டில் நொடிக்குச் சுமார் 16 ஜிபி. பி450 மாதிரி பிசிஐஇ 3 போர்டில் அதிலும் பாதி. ஆறுவழிச் சாலை சந்துக்குள் போய் முட்டுகிற கதை. சராசரி எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை பிரேம்) 60-க்கு மேல் இருக்கும், கேரக்டரைத் திருப்பினால் படம் வெட்டும். அதனால் சோதனை வரைபடங்களில் சராசரியை விட்டுவிட்டு 1 சதவீத லோ (மிக மெதுவான 1 சதவீத பிரேம்களின் எஃப்பிஎஸ்) கோட்டைத்தான் நான் முதலில் தேடுவேன்.

ஆக, பழைய மெஷின் இரண்டையுமே கடிக்கும். வித்தியாசம் மருந்தில். 4060 திணறினால் டெக்ஸ்சரை அல்ட்ராவிலிருந்து ஹைக்கு இறக்கினால் பெரும்பாலும் மூச்சு வந்துவிடும். பி580 திணறுவது பிராசஸரால் என்றால், டெக்ஸ்சர், ரெசல்யூஷன் எதைக் குறைத்தாலும் எஃப்பிஎஸ் பெரிதாக ஏறாது. கூட்டம், டிரா டிஸ்டன்ஸ் (எவ்வளவு தூரம் வரை காட்சி வரையப்படும்) போன்ற சிலவற்றைக் குறைத்தால்தான் கொஞ்சம் உண்டு. ரைசன் 2000, 3000 வரிசை வைத்திருப்பவருக்கு நான் 4060 சொல்வது இதனால்தான். ரைசன் 5 7600 பிராசஸர் அளவில் புது மெஷின் கட்டுகிறீர்கள், மானிட்டரும் 1440பி என்றால் கண்ணை மூடிக்கொண்டு பி580.

ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 7600 கார்டு? 269 டாலருக்கு வந்தது, அதுவும் 8 ஜிபி. சாதாரண 1080பி-யில் 4060-ஓடு தோளோடு தோள் நிற்கும். ரே டிரேசிங் (ஒளி, நிழலை நிஜம்போலக் கணக்கிடும் முறை) போட்டால் பின்தங்கும். நல்ல தள்ளுபடியில் கிடைத்தால் மட்டும் யோசிக்கலாம்.

மின்சாரத்தையும் பார்த்துவிடுவோம். 4060-க்கு 115 வாட், ஆர்எக்ஸ் 7600-க்கு 165, பி580-க்கு 190. தினம் நான்கு மணி நேரம் முழு வேகத்தில் ஓட்டினால் முதலுக்கும் கடைசிக்கும் மாதம் 9 யூனிட் வித்தியாசம். பில்லைவிட எஸ்எம்பிஎஸ்தான் (கம்ப்யூட்டரின் பவர் சப்ளை) கவலை: கேபினட்டோடு இலவசமாக வந்த பெயர் தெரியாத 450 வாட் சப்ளையில் பி580-ஐ மாட்ட வேண்டாம்.

கேமோடு பிளெண்டரும் (3டி படங்கள் உருவாக்கும் மென்பொருள்) ஓட்டுகிறவர்களுக்குக் கணக்கே வேறு. அங்கே கூடா (CUDA, கார்டைக் கணக்கு வேலைக்குப் பயன்படுத்தும் என்விடியாவின் தொழில்நுட்பம்) இருக்கிற கார்டுதான் வேலையைச் சுலபமாக்கும், மெமரியும் வேண்டும். அவர்கள் 2021-இல் வந்த என்விடியா ஆர்டிஎக்ஸ் 3060-இன் 12 ஜிபி மாடலை செகண்ட் ஹேண்டில் தேடலாம். 8 ஜிபி மாடலும் அதே பெயரில் உலவுகிறது, பெட்டியைப் பார்த்து வாங்குங்கள்.